சேடம் இழுக்கும் இரவில் தனியாக நிற்க வேண்டாம்: முதியோர் இல்லத்தில் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு

வேலைக்குச் சேர்ந்த 19ஆவது நாள். இரவு டூட்டி. ஆண்கள் பக்கம் ஒன்பது பேர், பெண்கள் பக்கம் பதினொரு பேர், நடுவில் நான் ஒருத்தி. மூலைக் கட்டிலில் இருந்த அம்மம்மாவுக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. வெறும் வயிற்றோடு கிடக்கிறாவே என்று தலையை நிமிர்த்தி நாலு கரண்டி கஞ்சி பருக்கினேன். அரை மணித்தியாலத்தில் தொண்டை கறகறத்துச் சேடம் இழுக்கத் தொடங்கியது. விடியற்காலை மூன்று மணிக்கு மூச்சு நின்றுவிட்டது.

என் கஞ்சிதான் அவரைக் கொன்றது என்று இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் இருந்து வந்த ஒரு மிஸ்ஸியிடம் (தாதியிடம்) தற்செயலாக வாய் விட்டேன். "தங்கச்சி, அவ போய்க்கொண்டுதான் இருந்தவ. உன்ட கஞ்சி இல்லாட்டியும் அண்டைக்குத்தான் போயிருப்பா. ஆனா இனிமே அப்பிடிப் பருக்காதே" என்றார். இந்த மூன்று வசனத்தை யாராவது எனக்கு முதல் கிழமையே சொல்லியிருக்கலாம்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் கோயிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ ஊர்ச் சங்கமோ நடத்தும் சிறிய இல்லங்களுக்கு வேலைக்கு வருபவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். அப்படியொரு இல்லத்தின் பொறுப்பைப் புதிதாக எடுத்தவர்களும் படிக்கலாம், குறிப்பாகக் கடைசிப் பகுதியை.

சேர்வதற்கு முன் கேளுங்கள்

இல்லம் பதிவு செய்யப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அதைத்தான் எதிர்பார்க்கிறது. பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். அவருக்கு இந்த இல்லத்தைத் தெரியுமா, வந்து பார்த்திருக்கிறாரா என்று விசாரித்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

சம்பளத்தை எழுத்தில் வாங்குங்கள். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்ந்தது. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள், இல்லம் 12 வீதம் போட வேண்டும், நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம். பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களுக்குச் சேமலாப நிதிச் சட்டத்தில் விலக்கு உண்டு. உங்கள் இல்லம் எதற்குள் அடங்குகிறது என்று தொழில் காரியாலயத்தில் கேட்டால் சொல்வார்கள். "இது புண்ணிய வேலை, காசைப் பார்க்கக் கூடாது" என்று ஒருவர் பேச்சைத் தொடங்கினால், அந்தப் புண்ணியத்தில் பஸ் காசு கட்ட முடியாது என்பதை ஞாபகம் வைத்திருங்கள்.

மூன்றாவதாக ஒரு கேள்வி. இரவில் எத்தனை பேர் டூட்டியில் இருப்பார்கள்? பதில் வந்ததும் அடுத்ததையும் கேளுங்கள்: ஒருவர் சாகக் கிடக்கும் இரவில் எத்தனை பேர்? முதல் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் இருக்கும். இரண்டாவதைக் கேட்டதும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யோசித்தால் அந்த இல்லத்தில் அதைப் பற்றி இன்னும் ஒருவரும் யோசிக்கவில்லை என்று அர்த்தம். அதற்காக வேலையை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் யோசிக்க வைத்துவிட்டுச் சேருங்கள்.

முதல் கிழமை: ஆட்களைத் தெரிந்துகொள்ளுதல்

படுக்கை விரிக்க, குளிப்பாட்ட, பம்பர்ஸ் மாற்ற எல்லாம் இரண்டு நாளில் பழகிவிடும். ஆட்களைப் பழகத்தான் நாள் எடுக்கும்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான் போகும். குடிவழியும் தாய்வழிதான். அதனால் வயதான தாய் மகளோடு, அநேகமாகக் கடைசி மகளோடு இருப்பதுதான் வழக்கம். அப்படியிருக்க ஒரு தாய் இல்லத்துக்கு வந்திருக்கிறார் என்றால் அந்த மகளுக்கு ஏதோ நடந்திருக்கிறது. வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போயிருக்கலாம். 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோயிருக்கலாம். சண்டைக் காலத்தில் போன இடம் தெரியாமல் இருக்கலாம். அல்லது மகள் பக்கத்துத் தெருவில் இருந்தும் வராமல் இருக்கலாம். "உங்கட பிள்ளைகள் எங்க?" என்று முதல் நாளே கேட்காதீர்கள். தானாகச் சொல்வார்கள். சொல்லும் நேரத்தில் நீங்கள் இருந்தால் போதும்.

இந்தக் கதைகளுக்கும் கடைசிக் காலப் பராமரிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் நினைத்திருக்கிறேன். அறளை பெயர்ந்து நினைவு தடுமாறுபவர்களும் காய்ச்சலில் கிடப்பவர்களும் கடைசி நாட்களில் பழைய காலத்துக்குப் போய்விடுவார்கள். ஒருவர் இரவெல்லாம் ஓட்டைப் பிடியுங்கள், கூரை பறக்குது என்று கத்தினார். 1978 நவம்பர்ச் சூறாவளி. இன்னொருவர் கட்டிலுக்குக் கீழே ஒளியப் பார்த்தார். அது 1990, சண்டைக் காலம். கதை தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்து "காத்து நிண்டுட்டு அப்பா, எல்லாரும் பள்ளிக்கூடத்தில இருக்காங்க" என்று சொன்னால் ஆள் அடங்குவார். தெரியாத ஆள் "சத்தம் போடாதீங்க" என்பார். இன்னும் பயம் கூடும்.

கேட்டு எழுதிவைத்தல்

ஒரு கொப்பி வாங்குங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கம். சட்டப் பத்திரம் இல்லை, கையெழுத்தும் வேண்டாம். ஆனால் குழப்பம் வரும் இரவில் அந்த இரண்டு பக்கத்தின் பெறுமதி தெரியும்.

என்ன எழுதுவது? கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போக விருப்பமா, இதே கட்டிலில் இருக்க விருப்பமா. யாருக்குப் போன் எடுக்க வேண்டும், யார் வரக்கூடாது. (இரண்டாவதையும் கட்டாயம் கேளுங்கள், பதில் வரும்.) யார் சொன்னால் முடிவு. என்ன சமயம், யாரைக் கூப்பிடுவது. புதைப்பதா எரிப்பதா. உடுத்த எந்தச் சேலை, எந்தச் சாறம். தோடு, மோதிரம் யாருக்கு. கடைசியாகச் சாப்பிட ஆசைப்படும் சாமான் ஏதும் உண்டா.

இதை ஒரே இருப்பில் கேட்டு முடிக்க முடியாது. பேனையோடு எதிரில் கதிரை போட்டு உட்கார்ந்தால் ஆளுக்குப் பயம் வந்துவிடும். நான் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது கேட்பேன். முகம் பார்க்காமல் பேசலாம் என்பது இரண்டு பேருக்கும் வசதி. பக்கத்துக் கட்டில்காரர் இறந்து ஒரு கிழமை கழிந்த நேரம் இன்னும் நல்லது, எல்லோரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். "மனே, என்னையும் அப்பிடி அவசர அவசரமாத் தூக்கிக்கிட்டு ஓடாதீங்க" என்று ஒரு பெத்தா (பாட்டி) சொன்னார். அவர் பக்கத்தில் அதை அப்படியே எழுதினேன்.

விருப்பம் மாறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருப்பிக் கேளுங்கள். எழுதியதைக் குடும்பத்தில் ஒருவருக்கு, ஆள் நல்லாயிருக்கும்போதே, வாசித்துக் காட்டுங்கள். முக்கியமான இடம் இது. சாகக் கிடக்கும்போது முதன்முதலாகக் கேள்விப்படும் மகன் இல்லத்தோடு சண்டைக்குத்தான் வருவார்.

மருந்தும் வலியும்

கிளினிக் கொப்பி, மருந்துச் சீட்டுகள், கடைசியாகச் செய்த பரிசோதனைகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுக் கட்டில் இலக்கம் எழுதி ஓரிடத்தில் வையுங்கள். சுகம் வராத வருத்தம் என்று தெரிந்தவுடன் கிளினிக்கில் நேராகக் கேளுங்கள்: "இவரை இல்லத்தில் வைத்துப் பார்க்க எங்களுக்கு என்ன மருந்து தருவீர்கள்? இரவில் வலி கூடினால் என்ன செய்ய?" கேட்காவிட்டால் அநேகமாகச் சொல்லமாட்டார்கள். அவர்களுக்கு வெளியே நூறு பேர் காத்திருக்கிறார்கள்.

1967இல் லண்டனில் சாகக் கிடப்பவர்களுக்கென்று ஒரு பராமரிப்பு நிலையத்தைத் தொடங்கியவர் சிசிலி சாண்டர்ஸ். முதலில் தாதி, பிறகு ஆஸ்பத்திரியில் சமூக சேவையாளர், பிறகு டொக்டர். அவர் 'முழு வலி' என்று ஒன்றைப் பற்றிப் பேசினார். உடம்பு வலிக்குள்ளேயே மனத்தின் வலி, உறவு பிரிந்த வலி, கடவுள் ஏன் இப்படி வைத்தார் என்ற வலி எல்லாம் சேர்ந்து கிடக்கும் என்பது. எங்களைப் போன்றவர்களுக்கு அது சட்டென்று விளங்கும். மாத்திரை கொடுத்தும் முனகல் நிற்காத ஒருவர், மகனின் குரலைப் போனில் கேட்டதும் நித்திரையாவதைப் பார்த்திருக்கிறோம். ஆனால் இதைச் சாட்டாக வைத்து உடம்பு வலிக்கு மருந்து கொடுக்காமல் விடக்கூடாது.

பேச முடியாதவரின் வலி முகத்தில் தெரியும். புருவம் சுருங்கும், பல்லைக் கடிப்பார், திருப்பும்போது கையைத் தட்டிவிடுவார். புதிதாகக் குழம்பி அந்தரப்பட்டால் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். மூத்திரம் அடைத்திருக்கலாம், நாலைந்து நாளாக மலம் போகாமல் இருக்கலாம். விசர் என்று நினைத்த எத்தனையோ ஆட்கள் வயிறு போனதும் அடங்கியிருக்கிறார்கள்.

மோர்ஃபின் என்ற பெயரைக் கேட்டதும் குடும்பம் பயப்படும், "அதைக் கொடுத்தால் ஆள் முடிஞ்சுது" என்று. டொக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அது வலிக்கான மருந்து, அவ்வளவுதான். பல மாதம் அதோடு நடந்து திரிந்தவர்கள் இருக்கிறார்கள். மலச்சிக்கல் நிச்சயம் வரும், வயிறு போகும் மருந்தையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். பூட்டிவையுங்கள், ஒவ்வொரு டூட்டி மாறும்போதும் எண்ணி எழுதுங்கள். ஒருவருடைய மாத்திரையை இன்னொருவருக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். எழுப்ப முடியாத நித்திரையும் மிக மெதுவான மூச்சும் வந்தால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் டொக்டரைக் கூப்பிடுங்கள்.

எப்போது தெரியும்

கிழமைக் கணக்கில் முதலில் தெரிவது நித்திரை. நாளில் பெரும்பகுதி தூங்குவார். பிறகு சாப்பாடு குறையும், பிறகு தண்ணீர். மூத்திரம் குறைந்து கறுக்கும். கடைசி நாட்களில் கை கால் குளிர்ந்து முழங்காலில் ஊதா நிறத் திட்டுகள் வரலாம். மூச்சு வேகமாக ஓடி, மெதுவாகி, நின்று, நாங்கள் எழுந்து ஓடிவரும் நேரம் திரும்பத் தொடங்கும். தொண்டையில் சளி தங்கிக் கறகறக்கும், சேடம் இழுக்கிறது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். கேட்கப் பயங்கரமாக இருக்கும். நினைவில்லாமல் கிடக்கும் அவரை அந்தச் சத்தம் வருத்துவதாகத் தெரியவில்லை என்பதைத்தான் டொக்டர்மார் சொல்கிறார்கள். வருந்துவது கேட்டுக்கொண்டிருப்பவர்கள்தான்.

இன்னொன்று. மூன்று நாள் கண் திறக்காதவர் திடீரென்று எழுந்து தயிர் கேட்பார், ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். குடும்பம் "தேறிட்டா" என்று சந்தோஷப்பட்டு வீட்டுக்குப் போய்விடும். அணையப் போகிற விளக்கு என்று ஊரில் சொல்வது எல்லோருக்கும் நடப்பதில்லை, ஆனால் நடக்கும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வீடியோ கோல் எடுக்க அந்த நாளைவிட நல்ல நாள் கிடைக்காது. தயிர் கேட்டால் நிமிர்த்தி வைத்து ஒரு கரண்டி கொடுங்கள்.

கை செய்ய வேண்டிய வேலை

வாய். எல்லாவற்றையும்விட வாய். சாகக் கிடப்பவர் வாயால் மூச்சு விடுவார், நாக்கு காய்ந்து பலகையாகிவிடும். சுத்தமான மெல்லிய துணியை ஆறவைத்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, விரலில் சுற்றி, உதடு, முரசு, நாக்கு என்று இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை துடையுங்கள். உதட்டுக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். ஒட்சிசன் போட்டிருந்தால் எண்ணெய் வேண்டாம், தண்ணீர் மட்டும். "தண்ணியில்லாமல் விட்டுட்டீங்களே" என்று அழும் மகளிடம் இந்தத் துணியைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அழுகையும் குறையும், வேலையும் நடக்கும்.

உணவைத் திணிக்காதீர்கள். என் கஞ்சிக் கதையைச் சொல்லிவிட்டேன். உடம்பு மெல்ல மெல்லக் கடையை மூடுகிறது, அதனால்தான் பசி இல்லை. சாப்பிடாததால் சாகவில்லை, செத்துக்கொண்டிருப்பதால் சாப்பிடவில்லை என்று நான் குடும்பத்துக்குச் சொல்வேன். சேலைன் ஏற்றச் சொல்லிக் கேட்பார்கள். அது டொக்டரின் முடிவு. ஆனால் கடைசிக் கட்டத்தில் ஏறும் நீர் உடம்பை வீங்க வைத்துச் சேடத்தையும் கூட்டக்கூடும் என்பதைத் தெரிந்து வைத்திருங்கள்.

திருப்புதல். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வலம், இடம், நிமிர்த்தி. இரண்டு பேராக, விரிப்போடு சேர்த்து. தனியாக இழுத்தால் அவருடைய தோல் உரியும், உங்கள் முதுகு போகும். குதிக்கால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வையுங்கள். இடுப்புக்குக் கீழே சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். சிவப்பு மறையாவிட்டால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. பழையவர்கள் எண்ணெய் போட்டு நன்றாகத் தேய்ப்பார்கள், அது புண்ணைக் கெதியாகக் கொண்டுவரும். கடைசி மணித்தியாலங்களில் திருப்பும்போது முகம் சுளித்தால் இந்தக் கணக்கை விட்டுவிடலாம்.

சேடம் இழுத்தால் ஒரு பக்கமாகச் சரித்து, தலையைக் கொஞ்சம் உயர்த்துங்கள். சளியைக் குறைக்க டொக்டர் மருந்து தரலாம். விரலை விட்டுத் தோண்டாதீர்கள். குளிர்ந்த காலுக்கு மெல்லிய போர்வை போதும். சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்துச் சுட்ட கதைகள் உண்டு.

காது கடைசிவரை கேட்கும் என்று எண்ணி நடந்துகொள்ளுங்கள். கட்டிலுக்கு மேலால் சவப்பெட்டி விலை பேசிய உறவினர்களை நான் வெளியே அனுப்பியிருக்கிறேன்.

சமயம்

உங்கள் சமயம் எதுவென்பது அங்கே கணக்கில்லை. சைவ வீட்டுப் பிள்ளை யாசீன் ஓத ஆள் கூப்பிடத் தெரிந்திருக்க வேண்டும், முஸ்லிம் பிள்ளை திருநீறு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சைவர்களில் திருநீறு பூசித் தேவாரம் பாடுவார்கள், பால் பருக்குவார்கள். இந்தப் பால்தான் எனக்குத் தலையிடி. பத்துப் பேர் வரிசையில் வந்து ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றினால் மூச்சு அடைத்துவிடும். பஞ்சை நனைத்து உதட்டில் தொட்டால் போதும் என்று முதலாவது ஆளுக்கே காட்டிவிடுங்கள், மற்றவர்கள் அதைப் பார்த்துச் செய்வார்கள். முஸ்லிம்கள் என்றால் முகம் மக்கா இருக்கும் திசையான கிப்லாவைப் பார்க்க வேண்டும், இங்கிருந்து மேற்கே சற்று வடக்காக. கட்டிலைத் திருப்ப இடமிருக்கிறதா என்று முன்பே பாருங்கள். கலிமா சொல்லிக்கொடுக்க ஆள் வரட்டும். இறந்ததும் பள்ளிவாசலுக்கு உடனே அறிவியுங்கள், ஜனாஸாவைத் தாமதிக்க மாட்டார்கள். குளிப்பாட்டுவதும் அவர்கள் வேலை. கத்தோலிக்கர்களுக்கு நோயில் பூசுதல் நினைவிருக்கும்போதே நடப்பது நல்லது, கடைசி நிமிடத்தில் ஃபாதரைத் தேடி ஓடாதீர்கள்.

1990 அம்புலன்ஸைக் கூப்பிடுவதா?

சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், இலக்கம் 1990. விழுந்து எலும்பு முறிந்தால், திடீரென்று நெஞ்சு வலித்தால், ஒரு பக்கம் இழுத்தால், இரத்தம் போனால், அடக்க முடியாத வலி வந்தால் யோசிக்காமல் கூப்பிடுங்கள். எதிர்பார்த்திருந்த சாவு, டொக்டரும் சொல்லிவிட்டார், ஆளும் இங்கேதான் என்று சொல்லி வைத்திருக்கிறார் என்றால் கொப்பியைத் திறந்து வாசியுங்கள். பயத்தில் இலக்கத்தை அழுத்துபவர் கெட்டவர் இல்லை. தனியாக நிற்கும் எவரும் அழுத்துவார்தான். ஆனால் அந்தப் பயத்தால் ஒரு ஐயா வெளிநோயாளர் பிரிவின் தள்ளுகட்டிலில், டியூப் லைட்டுக்குக் கீழே, தெரிந்த முகம் ஒன்றும் இல்லாமல் போனதைப் பார்த்தேன். எதிர்பார்த்த சாவென்றால் பொறுப்பாளருக்கு முதலில் ஒரு போன். அவர் தூக்கத்தில் எடுக்கிறவராக இருக்க வேண்டும்.

மாரி காலத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வெள்ளம் வந்தால் பாதை போய்விடும், அம்புலன்ஸும் வராது, டொக்டரும் வரமாட்டார். ஒக்டோபருக்கு முன்பே ஒரு மாத மருந்து, பம்பர்ஸ், டோர்ச் பற்றரி எடுத்து வையுங்கள்.

மூச்சு நின்ற பிறகு

அவசரப்பட ஒன்றுமில்லை. நேரத்தைப் பார்த்து எழுதுங்கள். கண்ணை மூடி, பொய்ப்பல் இருந்தால் போட்டு, தாடையைத் துணியால் கட்டி, கை காலை நேராக்குங்கள். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் உடம்பு விறைக்கத் தொடங்கும். தோடு, மோதிரம், தலையணைக்குக் கீழே இருக்கும் காசுப் பை எல்லாவற்றையும் இரண்டு பேர் பார்க்க எழுதிக் கையெழுத்து வையுங்கள். ஒரு சோடித் தோட்டால் நல்ல வேலைக்காரி ஒருத்தி கள்ளியென்று பேர் வாங்கிப் போனாள். பிறகு அந்தத் தோடு இறந்தவரின் பேத்தியின் காதில் இருந்தது.

இல்லத்தில் நடந்த சாவை அந்த இடத்துக் கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்து, அவருடைய அறிக்கையோடு அந்தப் பிரிவின் பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் பதியுங்கள். 5 நாளுக்குள் அறிவிப்பது ஒழுங்கு. இறந்தவரின் சொந்த ஊர் எதுவாக இருந்தாலும் சாவு நடந்த இடத்தில்தான் பதிவு. அடையாள அட்டையும் கிளினிக் கொப்பியும் தேவைப்படும். விழுந்து அடிபட்ட பிறகு வந்த சாவு, எதிர்பாராத திடீர்ச் சாவு என்றால் உடலை அசைக்காமல் பொலிஸுக்கு அறிவியுங்கள், திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார்.

மற்றவர்களிடம் மறைக்காதீர்கள். திரையை இழுத்துவிட்டு, பின் வாசலால் கொண்டுபோய், "ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா" என்று பொய் சொல்லும் இல்லங்கள் உண்டு. கிழடுகளுக்கு எல்லாம் தெரியும். தங்களையும் அப்படித்தான் கொண்டுபோவார்கள் என்றும் தெரிந்துகொள்வார்கள். முன் வாசலால் கொண்டுபோங்கள். நடக்க முடிந்தவர்கள் படலைவரை வரட்டும்.

அடுத்த நாள் காலை

இங்கிருந்து பொறுப்பாளர்களுக்கு. வேலை செய்பவர்கள் ஏன் விட்டுப் போகிறார்கள் என்று கேட்டால் சம்பளம் என்பார்கள். சம்பளம் உண்மைதான், குறைவாக இருந்தால் வேறொன்றும் பேசிப் பயனில்லை. ஆனால் நான் வேலை செய்த ஓரிடத்தில் சம்பளம் பரவாயில்லை, ஆறு மாதத்தில் நாலு பேர் போனோம். அங்கே காலையில் ஒருவர் இறந்தால் மத்தியானம் அதே கட்டிலில் புது விரிப்புப் போட்டுப் புது ஆளைக் கிடத்துவார்கள். ஏழு மாதம் வாய் துடைத்துவிட்ட மனுசியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடுத்த டூட்டிக்கு வந்த பிள்ளை அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கட்டிலடியில் நின்றாள், அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாவும் வேலைச் சலிப்பை அளக்க ஒரு கேள்விக்கொத்து வெளியிட்டார்கள். மூன்று விஷயத்தை அதில் பார்க்கிறார்கள்: மனம் வற்றிப்போதல், ஆட்களை ஆளாகப் பார்க்காமல் விடுதல், செய்கிற வேலையால் ஒரு பயனும் இல்லை என்ற எண்ணம். இரண்டாவதை எங்கள் இல்லத்தில் காதால் கண்டுபிடிக்கலாம். "பெத்தா" என்று கூப்பிட்ட பிள்ளை "நாலாம் கட்டில்" என்று சொல்லத் தொடங்கினால் அவளைக் கூப்பிட்டுத் திட்டாதீர்கள். இரண்டு நாள் ஓஃப் கொடுங்கள்.

சாவு நடந்தால் அன்று டூட்டியில் இருந்த எல்லோரும், சமையல்காரியும் தோட்டக்கார ஐயாவும் சேர, ஒரு கால் மணித்தியாலம் உட்காருங்கள். என்ன நடந்தது, எது சரியாக வந்தது, எது யாருடைய மனத்தில் கிடந்து குத்துகிறது. குற்றம் கண்டுபிடிக்கும் கூட்டமாக அதை மாற்றிவிடாதீர்கள். அப்படி ஒரு கூட்டம் அன்று இருந்திருந்தால் என் கஞ்சி அங்கேயே முடிந்திருக்கும். இரவு கூட இருந்தவருக்கு அடுத்த நாள் விடுமுறை, சம்பளத்தோடு. எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவுக்கோ அடக்கத்துக்கோ போக விரும்பினால் ஓட்டோக் காசும் கொடுங்கள். பெரிய தொகை இல்லை. கட்டில் ஒரு நாளாவது காலியாக இருக்கட்டும், ஒரு விளக்கு வையுங்கள்.

ஓஃப் பட்டியலை ஊர் நாட்காட்டியைப் பார்த்துப் போடுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம், நோன்பு, நத்தார். கலந்து ஆட்கள் வேலை செய்யும் இல்லத்தில் இது ஒரு வசதி. நோன்புப் பெருநாளுக்கு மற்றவர்கள் நிற்பார்கள், சடங்குக்கு முஸ்லிம் பிள்ளைகள் நிற்பார்கள். ஒரே ஊர் ஆட்களை மட்டும் எடுத்தால் வைகாசியில் பொறுப்பாளர்தான் பம்பர்ஸ் மாற்ற வேண்டும்.

வேலை செய்பவர்கள் மனத்தில் என்ன இருக்கிறது என்று அறியப் பெயரில்லாத படிவம் கொடுத்துப் பார்த்தோம். ஒன்பது பேர் உள்ள இடத்தில் யாருடைய கையெழுத்து யாருக்குத் தெரியாது? எல்லோரும் "நல்லம்" என்று எழுதித் தந்தார்கள். பிறகு குசினி மூலையில் நாலு பால்மா ரின் வைத்தோம்: சம்பளம், ஓஃப், இரவு டூட்டி, மேலிடத்துப் பேச்சு. மாதக் கடைசியில் ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை. எது அதிகம் வருத்துகிறதோ அந்த ரின்னில் போடலாம், ஐந்தையும் ஒன்றிலேயே போடலாம். புளியங்கொட்டைக்குக் கையெழுத்து இல்லை.

முதல் மாதம் 45 கொட்டையில் 26 இரவு டூட்டி ரின்னில் கிடந்தது. சம்பளத்தில் 11. சம்பளத்தைக் கூட்ட நிர்வாகத்திடம் உடனே காசு இருக்கவில்லை. ஆனால் சாகக் கிடப்பவர் உள்ள இரவுகளில் இரண்டாவது ஆள் என்று அன்றே எழுதிச் சுவரில் ஒட்டினோம். மூன்றாம் மாதம் அந்த ரின்னில் நாலு கொட்டைதான். அதில் மூன்று, இரண்டாவது ஆளுக்குப் பாய் போட இடமில்லை என்பதற்காக விழுந்தவை என்று சமையல்காரி பிறகு சொன்னார். மருந்து அலுமாரியை ஒரு முழம் தள்ளி வைத்திருக்கிறோம், இந்த மாதம் எண்ணிப் பார்க்க வேண்டும்.